காகிதத்தில் வளர்ந்த டாக்டர்

தொலைக்காட்சித் தொடரை ஒட்டி வரும் காமிக்ஸ் வெறும் விற்பனைச் சரக்குதானா? 'டாக்டர் ஹூ' சித்திரக்கதைகளின் அறுபது ஆண்டு வரலாறு வேறு பதில் சொல்கிறது.

காலத்தில் பயணிக்கும் 'டாக்டர்' என்ற நாயகனின் கதையைச் சொல்லும் பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடருக்கு அறுபது ஆண்டு நிறைந்ததை ஒட்டிய சிறப்புக் கதைகளில் முதலாவது, 2023 நவம்பர் 25 அன்று ஒளிபரப்பானது. தலைப்பு 'தி ஸ்டார் பீஸ்ட்'. நடிகர்கள் டேவிட் டெனன்ட்டும் கேத்தரின் டேட்டும் பல ஆண்டுகள் கழித்து இணைந்து திரும்பிய அந்தக் கதையின் மையத்தில் நின்றது 'மீப்' என்ற வேற்றுக்கிரக உயிர். வெள்ளை ரோமம், அகன்ற கண்கள், பார்த்தவுடன் தூக்கிக் கொஞ்சத் தோன்றும் உருவம். உள்ளே இருப்பதோ ஈவிரக்கமற்ற கொடுங்கோலன். இந்த மீப் தொலைக்காட்சிக்காகப் படைக்கப்பட்டதல்ல. 1980-ல் 'டாக்டர் ஹூ வீக்லி' என்ற இதழில், வாரத்துக்குச் சில பக்கங்களாக, கறுப்பு வெள்ளையில் வெளிவந்த ஒரு சித்திரக்கதையில் பிறந்தது. எழுதியவர் பாட் மில்ஸ், வரைந்தவர் டேவ் கிப்பன்ஸ். நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் இருவரின் பெயரையும் பிபிசி திரையில் போட்டது. ஒரு தொடர் தன் மிக முக்கியமான பிறந்தநாளைக் கொண்டாட, தன் பெயரில் வந்த காமிக்ஸிடம் கதை வாங்கியது.

இதை ஒரு ரசிகரின் ஏக்கம் நிறைவேறிய தருணமாக மட்டும் பார்த்தால் அதன் முழுப் பொருள் பிடிபடாது. திரைக்கதையை எழுதிய ரஸல் டி டேவிஸ் அந்த இதழ்களைப் படித்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் என்பது உண்மை. ஆனால் அதற்கும் மேலே ஒன்று இங்கே இருக்கிறது. தொலைக்காட்சியிலிருந்து பிறக்கும் காமிக்ஸைத் தேநீர்க் கோப்பை, பொம்மை, பனியன் ஆகியவற்றோடு ஒரே அலமாரியில் வைத்துப் பார்ப்பது உலகெங்கும் உள்ள பழக்கம். அந்தப் பழக்கம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். தொடரின் அடிப்படைக் கேள்வியைப் புரிந்துகொண்டவர்கள் கையில், கொஞ்சம் சுதந்திரத்தோடு கொடுக்கப்படும்போது, காமிக்ஸ் அந்தத் தொடரின் பரிசோதனைக் கூடமாக மாறுகிறது. தொலைக்காட்சி செய்யத் துணியாததை முதலில் அது செய்து பார்க்கிறது. சில நேரங்களில் தொடரையே உயிரோடு வைத்திருக்கிறது. புரிதல், சுதந்திரம் என்ற இந்த இரண்டு நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் அது வெறும் சரக்காகிவிடுகிறது.

உரிமம் போட்ட வேலி

தொடர் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. ஓராண்டு கழித்து, 1964 நவம்பரில், 'டிவி காமிக்' என்ற சிறுவர் வார இதழில் டாக்டர் முதன்முதலாகச் சித்திரமானார். தமிழ் வாசகர்களுக்கு இந்த வகை பிரிட்டிஷ் வார இதழ்கள் புதியவை அல்ல. முத்து காமிக்ஸ் வழியாக நமக்கு வந்த இரும்புக்கை மாயாவி முதலில் உலவியது 'வேலியன்ட்' என்ற அத்தகைய இதழில்தான். வாரம் ஓரிரு பக்கம், பக்கம் முடியும் இடத்தில் ஒரு திகில், அடுத்த வாரம் தொடர்ச்சி என்பதே அவற்றின் இலக்கணம். நெவில் மெய்ன் வரைந்த டாக்டரின் கதைகளும் அப்படியே அமைந்தன.

அந்த முதல் கதைகளைப் படிப்பவர் உடனே ஒரு விசித்திரத்தைக் காண்பார். தொலைக்காட்சியில் டாக்டருடன் பயணித்தவர்கள் யாரும் அவற்றில் இல்லை. பதிலுக்கு ஜான், கில்லியன் என்ற இரண்டு பேரப்பிள்ளைகள். காரணம் கலை சார்ந்ததல்ல, உரிமம் சார்ந்தது. இதழ் வாங்கியிருந்த உரிமம் டாக்டரையும் அவருடைய கால ஊர்தியையும் மட்டுமே உள்ளடக்கியது. தொடரின் மாபெரும் வில்லன்களான டேலெக்குகள் எழுத்தாளர் டெர்ரி நேஷனின் உரிமையில் இருந்தன; எனவே அவையும் இல்லை. அவற்றின் இடத்தை நிரப்ப 'ட்ராட்' என்ற ரோபோக்களைப் படைத்தார்கள். ஒரு தொடரின் அடையாளங்களில் பாதியை வெளியே நிறுத்திவிட்டு, மீதியை வைத்துக் கதை செய்யச் சொன்னால் என்ன விளையும்? பெரும்பாலும் சுமாரான கதைகளே விளைந்தன. இதை மறைப்பதில் பயனில்லை.

ஆனால் அதே இதழ் 1969-ல் ஒரு காரியம் செய்தது. நடிகர் மாறும்போது டாக்டரும் உருவம் மாறுவது தொடரின் வழக்கம். அந்த ஆண்டு ஜூன் மாதம் பேட்ரிக் ட்ரவ்டன் நடித்த டாக்டர் விடைபெற்றார். தண்டனையாகப் பூமிக்கு நாடு கடத்தப்பட்டு, உருவம் மாற்றப்படுவார் என்று அறிவித்ததோடு தொடர் நின்றது. ஜான் பெர்ட்வீ புதிய முகத்தோடு வந்தது 1970 ஜனவரியில். இடையில் ஆறு மாதம். தொலைக்காட்சிக்கு அந்த ஆறு மாதமும் விடுமுறை. வார இதழுக்கு விடுமுறை கிடையாது. டாக்டரை லண்டனில் ஒரு ஓட்டலில் தங்கவைத்து, அங்கிருந்தே வழக்குகளைத் துப்பறிய வைத்தார்கள். கடைசியில் உயிர்பெற்ற சோளக்கொல்லை பொம்மைகள் அவரைப் பிடித்து, உருவமாற்றத் தண்டனையை நிறைவேற்றுகின்றன. தொடர் காட்டாமல் விட்ட திருப்பத்தைக் காமிக்ஸ் காட்டியது. வாராவாரம் பக்கம் நிரப்ப வேண்டிய நெருக்கடியிலிருந்தே அந்தக் கற்பனை வந்தது என்பது உண்மைதான். ஆனாலும் தொலைக்காட்சி ஓய்வெடுக்கும்போது கதையைச் சுமப்பது யார் என்ற கேள்விக்கு அன்றே ஒரு பதில் கிடைத்துவிட்டது.

டாக்டர் இல்லாத ஒரு பேரரசு

அதற்கு முன்பே, 1960-களின் நடுவில், போட்டி இதழான 'டிவி செஞ்சுரி 21' எதிர்த்திசையில் நடந்தது. அவர்களிடம் டாக்டர் இல்லை, டேலெக்குகள் இருந்தன. 1965 ஜனவரியிலிருந்து 1967 ஜனவரி வரை, வாரம் ஒரு வண்ணப் பக்கமாக, 104 பக்கங்களில் டேலெக்குகளின் வரலாற்றை அவர்கள் வெளியிட்டார்கள். தொடரின் முதல் கதை ஆசிரியராக இருந்த டேவிட் விட்டேக்கர் எழுத, ரிச்சர்ட் ஜென்னிங்ஸ், எரிக் ஈடன், ரான் டர்னர் ஆகியோர் வரைந்தார்கள். கதாநாயகனே கிடையாது. அறிவும் வெறுப்பும் மட்டுமே கொண்ட ஓர் இனம் எப்படி எழுந்தது, எப்படி ஆள்கிறது, எதற்கு அஞ்சுகிறது என்பதை அவ்வினத்தின் உள்ளிருந்தே சொன்ன கதை அது.

இங்கே காமிக்ஸின் பொருளாதாரத்தைக் கவனிக்க வேண்டும். அன்றைய பிபிசி ஸ்டுடியோவில் ஒரே காட்சியில் நிற்கக்கூடிய டேலெக்குகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை; பின்னால் நிற்கும் படைக்கு அட்டையில் வெட்டிய உருவங்களை வைத்துச் சமாளித்தார்கள். ஓவியருக்கோ, ஒரு டேலெக்கை வரையவும் ஆயிரம் டேலெக்குகளை வரையவும் ஆகும் செலவு அதே மையும் காகிதமும்தான். விண்கப்பல் அணிகள், உலோக நகரங்கள், பொன்னிறப் பெருந்தலை கொண்ட டேலெக் பேரரசர் எல்லாம் அந்தப் பக்கங்களில் வடிவம் பெற்றன. 1988-ல் தொலைக்காட்சியில் 'ரிமெம்பரன்ஸ் ஆஃப் தி டேலெக்ஸ்' கதையில் பேரரசர் தோன்றியபோது, அவருக்கு அந்தச் சித்திரக்கதையின் பெரிய உருண்டைத் தலை இருந்தது. வில்லன்களுக்கு ஒரு நாகரிகத்தையும் அரசியலையும் கட்டிக்கொடுத்த வேலையில் பெரும்பங்கு காகிதத்தில் நடந்தது.

வாரப் பத்திரிகையின் பொற்காலம்

1979 அக்டோபரில் மார்வெலின் பிரிட்டிஷ் கிளை, டெஸ் ஸ்கின்னை ஆசிரியராகக் கொண்டு 'டாக்டர் ஹூ வீக்லி' இதழைத் தொடங்கியது. முதல் சித்திரக்கதை 'தி அயர்ன் லீஜன்'. பாட் மில்ஸ், ஜான் வாக்னர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைந்தார். ரோமப் பேரரசு வீழாமலே போன இன்னொரு பரிமாணத்திலிருந்து ரோபோ வீரர்கள் ஓர் ஆங்கிலக் கிராமத்தின் மீது படையெடுக்கிறார்கள். அன்று டாக்டராக நடித்த டாம் பேக்கரின் நீண்ட கழுத்துத்துண்டும் கலைந்த தலைமுடியும் அச்சு அசலாக இருந்தன. கதை நிகழ்ந்த களமோ அன்றைய பிபிசியின் எந்த ஆண்டு நிதியாலும் தொட முடியாதது. முகத்தில் முழு விசுவாசம், கற்பனையில் முழு விடுதலை. பின்னாளில் 'வாட்ச்மென்' வரைந்து உலகப் புகழ் பெற்ற கிப்பன்ஸின் கை இங்கேதான் வாராவாரம் பழகியது. அந்த 'வாட்ச்மென்' கதையை எழுதிய ஆலன் மூரின் தொடக்க காலக் கதைகள் சிலவும், கிரான்ட் மாரிசனின் தொடக்க காலக் கதைகள் சிலவும் இதே இதழில் வெளிவந்தவை.

மீப் வந்த கதையில் இன்னொருத்தியும் வந்தாள்: ஷாரன். பிளாக்காசில் என்ற கற்பனைத் தொழில் நகரத்துப் பள்ளி மாணவி, கறுப்பினப் பெண். கதை முடிந்ததும் டாக்டருடன் பயணத்தைத் தொடர்ந்தாள். அது 1980. தொலைக்காட்சியில் டாக்டரின் தோழியாக முழு நேரமும் ஒரு கறுப்பினப் பெண் பயணித்தது 2007-ல், மார்த்தா ஜோன்ஸ் வழியாக. இருபத்தேழு ஆண்டு இடைவெளி. லட்சக்கணக்கானோர் பார்க்கும் நிகழ்ச்சியில் மேலிடத்துக்கு எழும் தயக்கங்கள், சில பக்கங்கள் மட்டுமே உள்ள வாரக்கதைக்கு எழவில்லை. யாரும் பெரிதாகக் கவனிக்காத இடத்தில் துணிச்சல் மலிவாகக் கிடைக்கிறது. பரிசோதனைக் கூடம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இதழ் 1980-லேயே மாத இதழாக மாறியது. 1989-ல் தொலைக்காட்சித் தொடர் நின்றது. 1996-ல் பால் மெக்கேன் நடித்த ஒரே ஒரு தொலைக்காட்சித் திரைப்படத்தைத் தவிர, 2005 மார்ச் வரை திரையில் வழக்கமான தொடர் இல்லை. ஆனால் இதழின் சித்திரக்கதை நிற்கவில்லை. ஒரே படத்தில் தோன்றிய அந்த எட்டாவது டாக்டரை எடுத்துக்கொண்டு, ஒன்பது ஆண்டுகள் அவருக்கு நண்பர்களையும் பகைவர்களையும் இழப்புகளையும் கொடுத்தார்கள். இஸ்ஸி என்ற இளம்பெண், தான் பெண்களை விரும்புபவள் என்பதை 2003-ல் வந்த 'ஒப்லிவியன்' கதையில் தனக்கே ஒப்புக்கொண்டாள். தொலைக்காட்சியில் பெண்களை விரும்பும் தோழியாகப் பில் பாட்ஸ் வந்தது 2017-ல். இங்கேயும் காகிதம் முந்திக்கொண்டது.

தொடர் மீண்டும் வரப்போகிறது என்று உறுதியானபோது நடந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். எட்டாவது டாக்டர் ஒன்பதாவது டாக்டராக உருமாறும் காட்சியை, தொலைக்காட்சி எங்கும் காட்டப்போவதில்லை என்பதால், சித்திரக்கதையிலேயே காட்டிக்கொள்ள அனுமதி தரப்பட்டது. ரசிகர் உலகில் இதைவிடப் பெரிய பரிசு இல்லை. ஆனால் கூடவே வந்த நிபந்தனைகள் தங்கள் கதையின் போக்கையும், அதில் டாக்டருடன் இருந்த டெஸ்ட்ரீ என்ற பாத்திரத்தின் எதிர்காலத்தையும் குலைக்கும் என்று கண்டபோது, படைப்பாளிகள் அந்தப் பரிசை வேண்டாம் என்றார்கள். ஸ்காட் கிரே எழுதி மார்ட்டின் கெராட்டி வரைந்த 'தி ஃப்ளட்', டாக்டர் அதே முகத்தோடு அடுத்த பயணத்துக்கு நடந்துபோவதோடு 2005-ல் முடிந்தது. வெறும் சரக்கு விற்பவர்கள் இப்படி ஒரு முடிவை எடுப்பதில்லை. தங்கள் கதைக்கு ஒரு நேர்மை உண்டு என்று நம்பியவர்களால் மட்டுமே அது முடியும்.

அமெரிக்காவிலிருந்து ஓர் எச்சரிக்கை

சுதந்திரம் மட்டும் போதுமா என்றால், போதாது. அதற்குச் சான்று 'ஸ்டார் ட்ரெக்'. 1967-ல் கோல்ட் கீ நிறுவனம் அத்தொடரின் காமிக்ஸைத் தொடங்கியது. முதலில் வரைந்த நெவியோ ஸெக்காராவும் பின்னர் நெடுங்காலம் வரைந்த அல்பெர்டோ ஜியோலித்தியும் இத்தாலியர்கள். தொடரைப் பார்க்கும் வாய்ப்பு அன்று அவர்களுக்கு இல்லை. கையில் கிடைத்த விளம்பரப் புகைப்படங்களைப் பார்த்து வரைந்தார்கள். எனவே என்டர்பிரைஸ் கப்பலின் பின்னால் ராக்கெட் போல நெருப்பு கக்கியது. இதைச் சொல்லி ரசிகர்கள் பல காலமாகச் சிரித்துவருகிறார்கள். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. பெரிய குறை முதல் இதழின் முடிவில் இருக்கிறது. உயிர்களை விழுங்கும் தாவரங்கள் நிறைந்த ஒரு கிரகத்தைக் காணும் என்டர்பிரைஸ், கடைசியில் அந்தத் தாவர உயிர்களையே கூண்டோடு அழித்துவிட்டுப் போகிறது. புதிய உயிர்களைத் தேடிச் சென்று புரிந்துகொள்வதே தொலைக்காட்சித் தொடரின் உயிர்நாடி. சீருடையில் வரும் பிழையைத் திருத்திவிடலாம். தொடரின் அறத்தையே தலைகீழாக்கும் பிழை காமிக்ஸை அந்நியமாக்கிவிடும். லென் வீன் போன்ற எழுத்தாளர்கள் பின்னர் வந்து கதைகளின் தரத்தை உயர்த்தினார்கள். 1979 வரை 61 இதழ்கள் வந்தன. ஆனாலும் அந்த முதல் இதழ் ஒரு பாடமாகவே நிற்கிறது.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் இதே தொடரில் தெரிகிறது. 1980-ல் உரிமம் மார்வெலுக்குப் போனபோது, அது திரைப்படத்துக்கான உரிமம் மட்டுமே. பழைய தொலைக்காட்சிக் கதைகளில் மட்டும் வந்தவற்றைத் தொட முடியாது. 18 இதழ்களோடு அந்த முயற்சி நின்றது. 1984-ல் டிசி நிறுவனம் அந்தக் காமிக்ஸைத் தொடங்கிய பிறகு இன்னொரு சிக்கல். மூன்றாவது படத்தின் முடிவில் என்டர்பிரைஸ் அழிந்து, முக்கியப் பாத்திரமான ஸ்பாக் நினைவு முழுமையாகத் திரும்பாத நிலையில் இருந்தார். அடுத்த படம் எப்போது, எப்படி வரும் என்று காமிக்ஸ் எழுதுபவர்களுக்குத் தெரியாது. எனவே என்டர்பிரைஸின் தலைவரான கிர்க்குக்கு எக்ஸெல்சியர் கப்பலையும் ஸ்பாக்குக்குத் தனிக் கப்பலையும் கொடுத்துக் கதையை நகர்த்தினார்கள். 1986-ல் நான்காவது படம், முந்தைய படம் விட்ட இடத்திலிருந்தே தொடங்கியது. அதற்குப் பொருந்த, காமிக்ஸில் நகர்ந்த அனைத்தையும் பழைய இடத்துக்கே திருப்பிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. எழுதியவர்கள் மீது குற்றமில்லை. முன்னே எது வருகிறது என்று சொல்லப்படாமலே பின்னால் ஓடிவரப் பணிக்கப்பட்டவர்கள் அவர்கள்.

மறுப்புகளும் பதில்களும்

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது: நல்ல கதைகளைப் பொறுக்கி எடுத்துக் காட்டினால் எதையும் நிறுவிவிடலாம், தொலைக்காட்சியை ஒட்டி வந்த காமிக்ஸில் பெரும்பகுதி அவசரத்தில் செய்யப்பட்ட சுமாரான வேலைதானே? ஆம், பெரும்பகுதி அப்படித்தான். அறுபது ஆண்டுத் தொலைக்காட்சிக் கதைகளிலும் மறந்துவிடத் தக்கவை நிறைய உண்டு. ஒரு வடிவத்தை அதன் சராசரியை வைத்து அளந்தால் நாவலும் சினிமாவும்கூடத் தேறாது. கேட்க வேண்டியது, சிறந்தவை எந்தச் சூழ்நிலையில் பிறந்தன என்பது. விட்டேக்கர், மில்ஸ், கிரே ஆகியோரின் வேலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தச் சூழ்நிலை ஒன்றாகவே இருக்கிறது: தொடரை ஆழமாக அறிந்தவர்கள், அவர்களை நம்பி ஒதுங்கி நின்ற உரிமைதாரர்.

இரண்டாவது மறுப்பு ரசிகர்களிடமிருந்தே வரும். திரையில் நடந்தது மட்டுமே உண்மையான வரலாறு, அச்சில் வந்தது கணக்கில் சேராது என்பது அவர்கள் நிலை. இந்த நிலைப்பாட்டைத் தொடரே பலமுறை மறுத்துவிட்டது. 1987-ல் கிரான்ட் மாரிசன் எழுதிய 'தி வேர்ல்ட் ஷேப்பர்ஸ்' சித்திரக்கதை, தொடரின் இன்னொரு வில்லன் இனமான சைபர்மேன்களின் பிறப்பை மாரினஸ் என்ற கிரகத்தோடு இணைத்தது. 2017-ல் 'தி டாக்டர் ஃபால்ஸ்' கதையில், சைபர்மேன்கள் தோன்றிய இடங்களை அடுக்கும்போது பீட்டர் கபால்டியின் டாக்டர் மாரினஸையும் சேர்த்தே சொல்கிறார். 2006-ல் கேரத் ராபர்ட்ஸ் எழுதிய 'தி லாட்ஜர்' சித்திரக்கதையை, அவரே 2010-ல் மேட் ஸ்மித் நடித்த டாக்டருக்கான தொலைக்காட்சிக் கதையாக மாற்றினார். பிறகு மீப். எழுதுபவர்களுக்குத் திரைக்கும் காகிதத்துக்கும் நடுவில் சுவர் இல்லை. வாசகர் மட்டும் அந்தச் சுவரைக் கட்டிக் காவல் காக்க வேண்டிய தேவை என்ன?

மூன்றாவது மறுப்பே கனமானது. திரைக்குத் திரும்பியதால்தான் காமிக்ஸுக்கு மதிப்பு என்றால், கடைசியில் தொலைக்காட்சியையே நீதிபதியாக்கிவிடுகிறோம் அல்லவா? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. திரைக்கு வந்ததைச் சான்றாகக் காட்டுவது, காமிக்ஸைத் துச்சமாகப் பார்ப்பவர்களுக்கு அவர்கள் ஏற்கும் அளவுகோலிலேயே பதில் சொல்வதற்காக மட்டும். 'தி ஃப்ளட்' ஒருபோதும் திரைக்கு வராது. ஸ்டீவ் பார்க்ஹவுஸ் எழுதி கிப்பன்ஸ் வரைந்த 'தி டைட்ஸ் ஆஃப் டைம்' கதையைத் திரைக்குக் கொண்டுவந்தாலும், பக்க அமைப்பிலேயே பிறக்கும் அதன் கனவுத்தன்மை அதில் தங்காது. அவை காமிக்ஸாகவே முழுமை பெற்றவை. வாசகரின் கண் எங்கே நிற்க வேண்டும், எப்போது பக்கம் திரும்ப வேண்டும், இரண்டு கட்டங்களுக்கு நடுவே எவ்வளவு காலம் கடக்க வேண்டும் என்பதை ஓவியர் தீர்மானிக்கும் கலை இது. காலத்தில் பயணிப்பவனின் கதைக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் அரிது.

பெயரும் பங்கும்

இவ்வளவு சொன்ன பிறகு, நியாயம் பற்றிய கேள்வியைத் தவிர்க்க முடியாது. டேலெக்குகளை எழுதிய டெர்ரி நேஷன் சுயேச்சை எழுத்தாளர். தன் படைப்பின் உரிமையில் பங்கு வைத்திருந்தார். அது அவருக்குப் பெரும் செல்வம் தந்தது. அதே டேலெக்குகளுக்கு உருவம் கொடுத்த ரேமண்ட் கூசிக் பிபிசி ஊழியர். எனவே அவருக்கு அந்தப் பங்கு கிடைக்கவில்லை. இருவரில் யார் இல்லாமலும் டேலெக் இல்லை. ஒப்பந்தத்தின் ஒரு வரி அவர்களின் வாழ்க்கையை இருவேறாகப் பிரித்தது. பிறருக்குச் சொந்தமான உலகத்தில் வேலை செய்யும் காமிக்ஸ் கலைஞர்கள் பெரும்பாலும் கூசிக்கின் பக்கத்திலேயே நிற்கிறார்கள். ஸ்டீவ் மூர் 'டாக்டர் ஹூ' இதழில் உருவாக்கிய ஆப்ஸ்லம் டாக் என்ற பாத்திரத்தை வேறொருவரிடம் எழுதக் கொடுக்கும் நிலை வந்தபோது, நண்பருக்குத் துணையாக ஆலன் மூர் அந்த இதழுக்கு எழுதுவதையே நிறுத்தினார். அன்று அவர் இன்னும் பெயர் பெறாத இளம் எழுத்தாளர். சம்பளத்தைவிட அந்த நியாயம் அவருக்குப் பெரிதாக இருந்தது.

கூலிக்கு எழுத ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர்கள் பிறகு பங்கு கேட்பது முறையா என்று சிலர் கேட்கலாம். சட்டப்படி அவர்கள் கேட்க முடியாமல் போகலாம். ஆனால் உரிமைதாரரின் நலனை வைத்தே இதற்குப் பதில் சொல்ல முடியும். உருவாக்கும் ஒவ்வொரு பாத்திரமும் தன் கையைவிட்டுப் போய்விடும் என்று தெரிந்த எழுத்தாளர், தன் சிறந்த யோசனையைத் தனக்கென்று பத்திரப்படுத்திக்கொண்டு இரண்டாம் தரத்தையே கொடுப்பார். காமிக்ஸ் உலகில் பலமுறை நடந்திருப்பது இதுதான். மீப் போன்ற ஒரு பாத்திரம் இன்னொரு முறை பிறக்க வேண்டுமென்றால், பிறப்பித்தவரின் பெயர் திரையில் வரும், வருமானத்தில் ஒரு பங்கு அவருக்குச் சேரும் என்ற உறுதி தேவை.

எனவே உரிமம் வைத்திருக்கும் நிறுவனங்கள் செய்ய வேண்டியவை தெளிவானவை. தொடரை அறிந்தவர்களிடம் காமிக்ஸை ஒப்படைக்க வேண்டும். அடுத்து தொடரில் வரப்போவதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அதற்கு வெளியே உள்ள வெளியில் அவர்களைச் சுதந்திரமாக விட வேண்டும். அவர்கள் படைத்ததை எடுத்தாளும்போது பெயரும் பங்கும் தர வேண்டும். வாசகர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஒரு தொடர் பிடித்துப்போய் அதன் காமிக்ஸைத் தேடும்போது, அட்டையில் உள்ள நடிகரின் முகத்தோடு நின்றுவிடாமல், உள்ளே எழுதியவர், வரைந்தவர் பெயர்களையும் பார்த்து வாங்க வேண்டும். 1989-ல் தொலைக்காட்சி கைவிட்ட ஒரு நாயகனை, பதினாறு ஆண்டுகள் மாதம் தவறாமல் நடமாட வைத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்கள் அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள்.